நம்ம ஆளும் எங்க ஆளும்

தேர்தல் நெருங்கும்போது நம் பத்திரிகைகளில் ஒரு விசித்திரமான உரைநடை பிறக்கிறது. தொகுதியின் பெயர், அதில் இன்ன ஜாதி இத்தனை சதவீதம், வேட்பாளர் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவர் ஜாதி. வங்கியில் நான் தினமும் சரிபார்க்கும் படிவங்களுக்கும் இந்த எழுத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தன்னைப் போன்றவனுக்கே மனிதன் ஓட்டுப் போடுகிறான் என்பது இதன் சூத்திரம். சூத்திரம் முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 'தன்னைப் போன்றவன்' யார் என்பதை அது யோசிப்பதே இல்லை என்பதுதான் என் புகார்.

தூத்துக்குடிக்கு வடக்கே, மாப்பிள்ளையூரணியில், உப்பளத்துக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்னால் டீ குடிக்கும் கடை ஒன்றில் இது எனக்கு உறைத்தது. ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் "நம்ம ஆளு நிக்காரு" என்றார். என் பக்கம் திரும்பியதும் அதே வேட்பாளர் "எங்க ஆளு" ஆகிவிட்டார். அவர் யோசித்து மாற்றவில்லை. பாஷை தானாக மாற்றிக்கொண்டது. ஆங்கிலம் படித்துப் பட்டம் வாங்கியவனுக்கு இது தாமதமாகத்தான் பிடிபடும், ஏனென்றால் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் 'நாம்' கேட்பவனை உள்ளே இழுக்கிறது, 'நாங்கள்' அவனை வெளியே நிறுத்துகிறது. அப்படியானால் 'நம்ம ஆள்' என்பதில் வேட்பாளரைப் பற்றிய தகவல் குறைவு. பேசுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவே அந்தக் கணத்தில் விழும் கோடுதான் அதில் அதிகம். கையில் தாளோடு வரும் கணக்கெடுப்பாளனுக்கு 'எங்க ஆள்'தான் கிடைக்கும். அதை எடுத்துப்போய் வாக்காளனின் அந்தரங்கம் என்று அச்சடிக்கிறார்கள்.

காமராஜரை எடுத்துக்கொள்வோம். 1954இல் முதலமைச்சரானதும் சட்டமன்றத்துக்குள் நுழைய அவர் நின்ற இடம் விருதுநகர் அல்ல, வடக்கே குடியாத்தம். நாடார்களின் எண்ணிக்கையை நம்பி நிற்கக்கூடிய ஊரல்ல அது. காங்கிரசை எதிர்த்துவந்த பெரியார் அவரைப் 'பச்சைத் தமிழர்' என்று சொல்லி ஆதரித்தார், தி.மு.க.வும் ஆதரித்தது, ஜெயித்தார். ராஜாஜியின் கல்வித் திட்டத்தின்மேல் இருந்த கோபம் 'நாம்' என்ற சொல்லை அவ்வளவு தூரம் அகட்டி வைத்திருந்தது. பதின்மூன்று வருஷம் கழித்து, 1967இல், பிறந்த ஊரான விருதுநகரிலேயே பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். ஊர் அதே ஊர், ஜாதி அதே ஜாதி. ஆனால் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்து வேறொரு 'நாமை' உண்டாக்கியிருந்தன. அதில் பச்சைத் தமிழருக்கு இடமில்லாமல் போயிற்று. 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் அவரைப் பெரும் வித்தியாசத்தில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அங்கே நாடார்கள் அதிகம், சூத்திரம் செல்லுபடியாயிற்று என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் விருதுநகரில் அது ஏன் செல்லவில்லை என்பதையும் அவரே சொல்லட்டும்.

வியாபாரிகளுக்கு இந்த விஷயம் முன்பே தெரியும். தூத்துக்குடியில் 1921இல் 'நாடார் வங்கி' என்று தொடங்கியது 1962இல் 'தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி' ஆயிற்று. (நான் வேலை பார்ப்பது வேறு வங்கியில்.)

2019 நாடாளுமன்றத் தேர்தலில் இங்கே கனிமொழியும் தமிழிசை சௌந்தரராஜனும் மோதினார்கள். பத்திரிகைகள் இருவரையும் நாடார் கணக்கிலேயே எழுதின, ஒருவரைத் தாய்வழியில், மற்றவரைத் தகப்பன் வழியில். ஜாதி தகப்பனிடமிருந்து வருவது என்று காலங்காலமாகச் சாதித்துவந்தவர்கள், சூத்திரத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரே வாரத்தில் தாய்வழிக்கு மாறினார்கள். ஓட்டுப்பதிவுக்கு முந்திய இரவு என் மாமா போன் செய்து, "நம்ம ஆளுக்குப் போட்டுருடே" என்றார்.

"எந்த நம்ம ஆளுக்கு மாமா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஒனக்குத் தெரியாதாக்கும்" என்று வைத்துவிட்டார்.

கனிமொழி சுமார் 3,47,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இரண்டு தட்டிலும் ஒரே ஜாதியை வைத்துவிட்டு, தராசு ஏன் சாய்ந்தது என்று அதே ஜாதியைக் கொண்டு விளக்க முடியாது. மாநிலம் முழுவதும் தி.மு.க. கூட்டணிக்கு அலை இருந்தது என்பது உண்மை. ஆனால் இந்த ஊருக்கென்று தனியாக ஒன்றும் இருந்தது. முந்திய வருஷம், 2018 மே 22 அன்றும் மறுநாளும், ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். கடற்கரைக்காரர்களும் கடைக்காரர்களும் சுற்றுக் கிராமத்து விவசாயிகளும் அன்று ஒரே கூட்டத்தில் நடந்தார்கள். இறந்தவர்களைப் பற்றிய பேச்சில், என் கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து யாரும் 'எங்க ஆளு' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

என்னையும் விட்டுவிடக் கூடாது. டீக்கடையில் அவர் 'எங்க' என்றபோது எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தும் நான் வெளியாள்தானா என்று. மாமாவின் 'நம்ம'வில் ஒரு கதகதப்பு இருந்ததையும் மறைப்பதற்கில்லை. அதை ஒரு விநாடி முழுசாக அனுபவித்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முந்திய இரவு பத்து மணி வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். மாமா கூப்பிடவில்லை.