வண்டி நிறுத்த இடமும் கடலுக்கு வழியும்

கலிபோர்னியாவில் உயர் ஓதத்தின் சராசரிக் கோட்டுக்குக் கீழே உள்ள ஈரமணல் பொதுமக்களின் சொத்து. லாஸ் ஏஞ்சலிஸை அடுத்த மாலிபு என்ற சிற்றூரில் அந்தச் சொத்தை அனுபவிப்பது எளிதல்ல. சுமார் 34 கி.மீ. கரை, பத்தாயிரத்துச் சொச்சம் குடிகள். பல இடங்களில் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. கடல் கண்ணில் படுவதுகூட அபூர்வம்.

1972 மக்கள் வாக்கெடுப்பில் பிறந்து 1976 கடற்கரைச் சட்டத்தால் நிலைபெற்ற கலிபோர்னியாக் கடற்கரை ஆணையம், வண்டி நிறுத்தும் இடத்தையும் கடலுக்குப் போகும் வழியின் ஒரு பகுதியாகவே கருதுகிறது. அந்தச் சட்டத்தின் மிக நியாயமான நடைமுறை இதுதான் என்பேன். பிள்ளைகளையும் சாப்பாட்டுக் கூடையையும் ஏற்றிக்கொண்டு தொலைவிலிருந்து வரும் குடும்பத்துக்குச் சாலையோரத்தில் காசில்லாமல் ஓரிடம் கிடைத்தால்தான் கடற்கரை உண்டு. வீட்டுக்காரர்கள் சிலர் இதை நன்றாகவே புரிந்துகொண்டார்கள். போலி கராஜ் கதவுகளை வைத்தார்கள். தாங்களாகவே ‘நோ பார்க்கிங்’ பலகை நட்டார்கள். வண்டியை விட இடமில்லையென்றால் வந்தவர் தானாகத் திரும்பிவிடுவார். வழியை மறிப்பவர்களுக்கு நேரடியாக அபராதம் விதிக்கும் அதிகாரம் 2014இல்தான் ஆணையத்துக்கு வந்தது. பொதுவழியில் இருந்த கதவையும் கட்டுமானத்தையும் அகற்ற மறுத்த ஒரு வீட்டுக்காரருக்கு 2016இல் 41 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விழுந்தது; 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

ஆனால் இந்த நடைமுறை மனிதர்களைக் கார்களாக எண்ணுகிறது. ஒரு கார் நிற்கவும் திரும்பவும் ஏறக்குறைய 300 சதுர அடி வேண்டும். மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் புதிதாக உணவகமோ விடுதியோ திறப்பவர் அந்த இடத்தையும் ஒதுக்க வேண்டுமென்றால், பெருமுதல் உள்ளவரே தாக்குப்பிடிப்பார். இலவச நிறுத்துமிடத்தின் விலை வாடகையிலும் பண்டங்களின் விலையிலும் ஒளிந்திருக்கிறது என்று பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005இல் ஒரு பெரிய நூலே எழுதினார். அவர் சொன்ன தீர்வு, சாலையோர இடத்துக்குக் கட்டணம் வைப்பது. பணக்கார ஊரில் அதை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டால் முதலில் வெளியேறுவது அந்தச் சாப்பாட்டுக் கூடைக் குடும்பம்தான்.

நிறுத்துமிடத்துக்குப் பதிலாகப் பொதுப் போக்குவரத்தைத் தரலாம் என்று 1976 சட்டமே இடம் கொடுக்கிறது. கார் இல்லாதவருக்கும் கடல் வேண்டுமே! ஆகவே வரிசை முக்கியம்: வார இறுதியிலும் தவறாமல் வரும் பேருந்து முதலில், இடத்தைக் குறைப்பதும் கட்டணம் வைப்பதும் அதற்குப் பிறகு. மாற்றி நடந்தால் ஆதாயம் கரையோர வீட்டுக்காரருக்கு மட்டுமே.

2025 ஜனவரிக் காட்டுத்தீயில் மாலிபுவின் கிழக்குப் பகுதியில் கரையோர வீடுகள் பல எரிந்தன. மறுகட்டுமானம் விரைவாக நடக்கட்டும் என்று ஆளுநர் கடற்கரைச் சட்ட அனுமதி விதிகளைத் தளர்த்தினார். வீடிழந்தவர்களுக்கு அது தேவைதான். ஆனால் புதுச் சுவர்கள் எழும் முன்பே ஒவ்வொரு மனையின் முன்னும் எத்தனை அடி சாலையோரம் பொதுமக்களுக்கு இருந்தது, பொதுவழி எங்கே ஓடியது என்பதை அளந்து பதிவுசெய்துவிட வேண்டும்.