முந்நூறு பஞ்சுத் துகள்

பள்ளிப்பட்டில் விசைத்தறிக் கொட்டகைக்குள் காலையில் நுழைந்தால், சன்னல் வெயிலில் பஞ்சுத் தூசு மிதப்பது தெரியும். எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளுக்கு அதைக் கணினியில் மிதக்கவிட ஆசை. ஸ்கிராட்ச் மென்பொருளில் முயன்று பார்த்தோம்.

எம்.ஐ.டி. மீடியா லேப் 2007இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டாம். வண்ணக் கட்டைகளை இழுத்துப் பொருத்தினால் போதும். ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும்.

ஒரு வெள்ளைப் புள்ளியை வரைந்து, 'குளோன்' கட்டையால் 200 நகல் எடுத்தோம். ஒவ்வொரு சுற்றிலும் கீழ்நோக்கிய வேகத்தில் 0.1 கூட்டினோம்; அதுதான் ஈர்ப்பு. ஓட்டியதும், "மாமா, எல்லாம் ஒரே மாதிரி ஆடுது!" என்றாள். வேகம் என்ற மாறியை எல்லா நகல்களுக்கும் பொதுவாக வைத்துவிட்டோம். மாறியை உருவாக்கும்போதே 'இந்த உருவுக்கு மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதியவர்கள் பலரும் சறுக்கும் இடம் இது.

திருத்தியபின் தனித்தனியாக விழுந்தன. ஆனால் மூன்றே விநாடியில் தரைக்கு வந்துவிட்டன. இது மணல், பஞ்சு இல்லை. சுற்றுக்கொருமுறை வேகத்தை 0.95ஆல் பெருக்கச் சொன்னேன். அது காற்றின் தடை. இப்போது இறங்க ஆறு விநாடிக்கு மேல் ஆனது. பக்கவாட்டில் கொஞ்சம் தற்செயல் எண் சேர்த்ததும் கொட்டகைத் தூசு திரையில் வந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் இருந்த காற்றுத்தடை அவளுக்கு ஒரே கட்டையில் புரிந்தது.

குறைகளும் உண்டு. 300 நகலுக்கு மேல் ஸ்கிராட்ச் அனுமதிக்காது. ஒரு நகல் இன்னொரு நகலின் வேகத்தை நேரடியாகக் கேட்டறியவும் வழியில்லை. அதனால் துகள்கள் மோதித் தெறிப்பதைக் காட்டுவது பெரும்பாடு. மோதல் வேண்டுமென்றால், அதே கட்டை முறையில் முப்பரிமாணத்தில் இயங்கும் ஸ்டார்லோகோ நோவாவுக்குப் போகலாம். அதற்கு இணையம் வேண்டும். கட்டளைகளை எழுதப் பழகியவர்களுக்கு, யூரி விலென்ஸ்கி 1999இல் உருவாக்கிய நெட்லோகோ இருக்கிறது. வாயுத் துகள்களின் மாதிரிகள் அதில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. அதுவும் இலவசம்.

விழுவதும் மிதப்பதும் போதுமென்றால் ஸ்கிராட்ச். மோதலும் கூட்டமும் வேண்டுமென்றால் மற்ற இரண்டில் ஒன்று. முதல் வாரத்துக்கு ஸ்கிராட்சே போதும்.