குர்க்குமினும் எலும்புப் புற்றுநோயும்: ஆய்வு முடிவுரைகள் குறித்த ஒரு மதிப்பீடு

மஞ்சளிலுள்ள குர்க்குமின் எலும்புப் புற்றுநோய்க்கு மருந்தாகலாம் என முடியும் ஆய்வுரைகள் பல. அவற்றுட் பல, எம்ஜி-63 போன்ற ஆஸ்டியோசர்கோமா உயிரணு வரிசைகளை ஆய்வுக்கலத்தில் வளர்த்துப் பெற்ற முடிவுகளையே சான்றாகக் கொள்கின்றன. அக்கலத்தில் இடப்படும் செறிவை மனித இரத்தத்தில் எட்டுவது அரிது. கிராம் கணக்கில் உட்கொண்டாலும் குர்க்குமின் குடலில் குறைவாகவே உறிஞ்சப்பட்டு, உடலில் விரைந்து மாற்றமடைகிறது. அது பல புரதங்களோடு வரையறையின்றி வினைபுரிவதும் ஒளிர்வதும் சோதனை அளவீடுகளையே பிறழச் செய்யக்கூடும் என்பதை 2017இல் நெல்சன் குழுவினர் வெளியிட்ட திறனாய்வு எடுத்துக்காட்டியது.

இதனால் தாவர மருந்துகள் பயனற்றவை என்று கொள்ளுதல் தவறு. நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படும் வின்கிறிஸ்டினும், தாவரப் பொருளான போடோபில்லோடாக்சினிலிருந்து உருவாக்கப்பட்ட எட்டோபோசைடும் யூவிங் சர்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் இடம்பெறுகின்றன. அவற்றின் தூய்மை, மருந்தளவு, நச்சுத்தன்மை ஆகியன வரையறுக்கப்பட்டு, நோயாளரிடத்துப் பயனும் மெய்ப்பிக்கப்பட்டமையே அதற்குக் காரணம்.

ஆஸ்டியோசர்கோமா வளரிளம் பருவத்தினரையே மிகுதியும் தாக்குகிறது. மஞ்சளை நம்பி வேதிச்சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பம் இழந்த காலத்தை மீட்க இயலாது. எனவே, உயிரணு அளவில் நின்ற ஆய்வு அவ்வெல்லையைத் தன் முடிவுரையிலேயே வெளிப்படக் கூறுதல் வேண்டும்.