முறுமுறுப்பும் பந்தியும்: 'திரளின் இறையியல்' பற்றி ஒரு திறனாய்வு

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், நியூயார்க் நகரின் வால் ஸ்ட்ரீட்டுக்கு அண்மையிலுள்ள சுக்காட்டி பூங்காவில் சில நூறு பேர் கூடினர். அவர்களுள் ஒரு பகுதியினர் அன்றிரவு அங்கேயே தங்கினர். நவம்பர் 15ஆம் நாள் அதிகாலையில் காவல்துறையினர் கூடாரங்களைக் கலைக்கும்வரை, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அப்பூங்கா ஒரு சிற்றூரைப் போல் இயங்கிற்று. சமையற்கூடம், நூலகம், மருத்துவக்குழு, நாள்தோறும் கூடிய பொதுப்பேரவை ஆகிய யாவும் அங்கிருந்தன. 'வால் ஸ்ட்ரீட்டைக் கைப்பற்றுவோம்' என்னும் இவ்வியக்கம் விரைவில் பல நாடுகளின் நகரங்களுக்கும் பரவிற்று. செல்வத்தின் உச்சியிலுள்ள 1 விழுக்காட்டினருக்கும் எஞ்சிய 99 விழுக்காட்டினருக்கும் இடையேயுள்ள ஏற்றத்தாழ்வே அதன் முழக்கம். அம்முழக்கம் வெறும் உணர்ச்சிக் கூற்றன்று. அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவுசெலவு ஆய்வு அலுவலகம் அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 1979க்கும் 2007க்கும் இடையில் உச்சியிலுள்ள 1 விழுக்காட்டினரின் வரி போக எஞ்சிய வருமானம் 275 விழுக்காடு உயர்ந்தது. அடித்தட்டிலுள்ள ஐந்தில் ஒரு பங்கினரின் வருமானமோ 18 விழுக்காடே உயர்ந்தது.

இவ்வியக்கத்தை இறையியல் நோக்கில் ஆராய்ந்த நூல், யோர்க் ரீகர், குவொக் புய்-லான் ஆகிய இருவரும் இணைந்து 2012ல் வெளியிட்ட 'ஆக்குபை ரிலிஜன்'. 'திரளின் இறையியல்' என்பது அதன் துணைத் தலைப்பு. அடித்தள மக்களின் இயக்கங்களோடு உறவாட விரும்பும் போதகரும் இறையியல் மாணவரும் இந்நூலைக் கற்க வேண்டும். எனினும், இயக்கங்களுக்குள் தோன்றும் பிளவுகளைப் பற்றி அது எழுப்பாது விட்ட ஒரு வினாவையும் உடன்வைத்துக் கற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. நூலின் வாதம்

ரீகர் செருமனியில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்துவரும் மெதடிஸ்டு இறையியலார். குவொக் ஹாங்காங்கில் பிறந்த ஆங்கிலிக்கப் பெண்ணிய இறையியலார். இருவரும் தம் வாதத்தின் மையச் சொல்லாகத் 'திரள்' என்பதை எடுத்துக்கொள்கின்றனர். மைக்கேல் ஹார்ட், அந்தோனியோ நெக்ரி ஆகிய அரசியல் சிந்தனையாளர் வகுத்த கருத்தாக்கம் இது. 'மக்கள்' என்ற சொல் அனைவரையும் ஒரே வார்ப்பில் இட்டுவிடுகிறது. 'திரள்' என்பதோ வேற்றுமைகளை அழிக்காமல் இணைந்து செயற்படும் பலரைக் குறிக்கிறது. இக்கருத்தைக் கொரியாவின் மின்ஜுங் இறையியலோடு ஆசிரியர்கள் இணைக்கின்றனர். மாற்கு நற்செய்தியில் இயேசுவைச் சூழ்ந்துநின்ற 'ஓக்ளோஸ்' என்னும் திரளான ஜனங்களை ஆன் பியுங்-மு ஆராய்ந்த முறை நம் மாணவர்கள் பலரும் அறிந்ததே.

மேலிருந்து ஆளும் கடவுளைப் பற்றிய கருத்து மேலிருந்து ஆளும் பொருளாதாரத்துக்குத் துணைபோகிறது என்பதும், கடவுள் கீழிருந்து திரளின் நடுவில் செயலாற்றுகிறார் என்பதும் நூலின் அடிப்படைக் கூற்றுகள். வேறுபட்டோர் தம் வேறுபாடுகளை விடாமலே பொது நலனை உணர்ந்து இணைவதை 'ஆழ்ந்த தோழமை' என ஆசிரியர்கள் அழைக்கின்றனர். ஏழைகளின்பால் இரக்கங்கொண்டு மேலிருந்து கை நீட்டும் தொண்டிலிருந்து இதனை வேறுபடுத்திக் காட்டுவது நூலின் பெருஞ்சிறப்பு. நம் சபைகளின் சமூகப் பணி பெரும்பாலும் எவ்வகையைச் சார்ந்தது என்பதை நாம் எண்ணிப்பார்த்தல் நன்று.

வேற்றுமை ஒரு வளமே என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வேற்றுமை வேறு, அதிகார வேறுபாடு வேறு. பூங்காவில் நிகழ்ந்தவை இவ்விரண்டையும் பிரித்தறியுமாறு நம்மைக் கட்டாயப்படுத்துகின்றன.

2. 'முன்னர்' என்னும் ஒரு சொல்

செப்டம்பர் 29ஆம் நாள் நியூயார்க் பொதுப்பேரவை தன் அறிக்கையை ஏற்றுக்கொண்டது. அதன் வரைவில், நிறத்தாலும் பாலினத்தாலும் சமயத்தாலும் முன்னர்ப் பிரிந்திருந்தோர் இன்று ஒரே மக்களாயினர் என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் இருந்தது. பேரவையிலிருந்த தெற்காசிய வழியினர் சிலர் எழுந்து அதனைத் தடுத்தனர். பிரிவினைகள் முன்னர் இருந்தவையல்ல, இன்றும் உள்ளவை, இந்தப் பூங்காவிலேயே உள்ளவை என்பது அவர்களுடைய முறையீடு. நீண்ட வாதத்துக்குப்பின் அவ்வாக்கியம் மாற்றப்பட்டது.

ஒரு சொல்லுக்காக இத்துணைப் பூசலா என வினவலாம். ஆனால் அச்சொல்லிலேயே பெரும் இறையியல் அடங்கியுள்ளது. கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை எனப் பவுல் கலாத்தியருக்கு எழுதியதை (3:28) நாமும் அடிக்கடி 'முன்னர்' என்ற சொல்லைச் சேர்த்தே வாசிக்கிறோம். அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்பதைவிட்டுப் பேதுரு விலகிக்கொண்டதையும், பவுல் அவனை முகமுகமாய் எதிர்த்ததையும் காண்கிறோம். பந்தியில் பிளவு நேர்ந்ததை அறிந்தே பவுல் ஒருமையைப் பறைசாற்றுகிறான். ஆகவே அவ்வொருமை, பிளவு தீர்ந்துவிட்டது என்னும் செய்தியன்று. பந்தியை நியாயந்தீர்க்கும் அளவுகோல்.

இந்திய இறையியலுக்கு இது அயலான பாடமன்று. 1981ல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து வளர்ந்த தலித் இறையியல், வர்க்கம் என்னும் ஒற்றை அளவையால் சாதியை அளந்துவிட முடியாது என்று விடுதலை இறையியலாரிடமே முறையிட்டது. 99 விழுக்காடு என்னும் எண்ணிடமும் இதே வினாவை எழுப்பலாம்.

3. முகமில்லாத அதிகாரம்

இயக்கத்துக்குத் தலைவர் இல்லை என்பது அதன் பெருமை. ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லாமையால், ஒருவர் பேசியதைக் கூட்டத்தார் திரும்பக் கூறிப் பரப்பினர். தீர்மானங்கள் கருத்தொருமிப்பால் எடுக்கப்பட்டன. அது கிட்டாவிடில் பத்தில் ஒன்பது பங்கினரின் இசைவு வேண்டும். இம்முறையின் அழகை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும் இரவு வெகுநேரம்வரை நீளும் பேரவையில் அமர்ந்திருக்க இயன்றோர் யார்? காலையில் கூலி வேலைக்குச் செல்ல வேண்டியவரும், குழந்தைகளை வளர்க்கும் தாய்மாரும் அவர்களுள் மிகுதியாய் இருந்திருக்க இயலாது.

பிளவுகள் பல வகையில் வெளிப்பட்டன. அரசிடம் தெளிவான கோரிக்கைகளை வைக்கவேண்டும் என்றனர் ஒரு சாரார்; கோரிக்கை வைப்பதே அந்த அமைப்பை ஏற்றுக்கொள்வதாகும் என்றனர் மறுசாரார். ஓக்லாந்து நகரில் முகமூடியணிந்தோர் சொத்துக்களைச் சேதப்படுத்தியதைப் பற்றி, ஹார்வர்டு இறையியல் பள்ளியில் பயின்ற பத்திரிகையாளர் கிறிஸ் ஹெட்ஜஸ் 2012 பிப்ரவரியில் கடுமையாக எழுத, இயக்கத்தின் தொடக்க அமைப்பாளருள் ஒருவரான மானிடவியலார் டேவிட் கிரேபர் அதே கடுமையோடு விடையிறுத்தார். சுக்காட்டி பூங்காவிலேயே, நூலகமும் செய்திக்குழுவும் இருந்த கிழக்குப் பகுதிக்கும், மேளக்காரரும் வறியோரும் தங்கிய மேற்குப் பகுதிக்கும் இடையே மனவேற்றுமை வளர்ந்தது. அக்டோபர் இறுதியில் சமையற்குழுவினர், வீடற்றோர் உள்ளிட்ட பலர் உணவுக்காக மட்டும் வருவதாகக் குறைகூறி, சில நாட்களுக்கு உணவுவகையைச் சுருக்கினர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. நன்கொடையாகச் சேர்ந்திருந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலரை எவர் எங்ஙனம் செலவிடுவது என்பதும் பூசலாயிற்று. ஏற்றத்தாழ்வை எதிர்த்த பந்தியிலேயே ஏற்றத்தாழ்வு அமர்ந்திருந்தது.

அட்லாண்டா நகர நிகழ்ச்சி ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. அக்டோபர் 7ஆம் நாள், குடியுரிமைப் போராட்ட வீரரும் பாப்திஸ்து ஊழியருமான ஜான் லூயிஸ் அங்கு பேச வந்தார். 1965ல் செல்மா பாலத்தில் அடிபட்டு மண்டை உடைந்தவர் அவர். பலர் அவர் பேச்சைக் கேட்க விரும்பியும், கருத்தொருமிப்புக் கிட்டாமையால் அவர் பேசாமலே திரும்பினார். எவருக்கும் முதன்மை தரலாகாது என்பதே மறுத்தோரின் நியாயம். 1963ல் வாஷிங்டன் பேரணியில் இளைஞராகிய லூயிஸின் உரை வாஷிங்டன் கத்தோலிக்கப் பேராயரின் ஆட்சேபத்தால் மென்மையாக்கப்பட்டது. இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். 1963ல் தடுத்தவருக்கு முகமும் பதவியும் இருந்தன. அவரோடு வாதாட முடிந்தது. 2011ல் தடுத்தது ஒரு முறைமை. அதனோடு வாதாட எவரும் இல்லை.

அமைப்பில்லாத குழு என ஒன்றில்லை, அமைப்பு மறைந்திருக்கும் குழுவே உண்டு என்னும் கருத்தை ஜோ ஃப்ரீமன் 1970ஆம் ஆண்டளவிலேயே பெண் விடுதலை இயக்கத்தைக் குறித்து எடுத்துரைத்திருந்தார். மறைந்திருக்கும் அதிகாரத்தை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே எவரும் அதனை நீக்கவும் முடிவதில்லை.

4. மாற்குவின் திரள்

திரளைப் பற்றிய நூலின் வேதாகம அடிப்படையை இவ்விடத்தில் மீண்டும் நோக்கவேண்டும். இயேசு தம்மைச் சூழ உட்கார்ந்திருந்தோரைத் தம் தாயும் சகோதரரும் என்று அழைத்தார் (மாற்கு 3:31-35). இது திரளின் மாண்பு. ஆனால் அதே மாற்கு, திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்தோர் ஜனக்கூட்டத்தின் நெருக்கத்தால் இயேசுவை அணுக முடியாமற்போனதையும் கூறுகிறார் (2:4). எரிகோவின் வழியோரத்தில் பர்திமேயு கூப்பிட்டபோது அவனை அதட்டியவர்கள் ஏரோதியரல்லர். உடன்வந்த கூட்டத்தில் பலரே (10:46-48). பரபாஸை விடுவிக்கும்படி தூண்டிவிடப்பட்டதும் திரளே (15:11).

எனவே திரளுக்குள்ளும் வாய் அடைக்கப்பட்டோர் உண்டு. எரிகோவில் இயேசு திரளைக் கண்டனம் செய்து ஒதுக்கவில்லை. திரளின் ஒருமை குலையுமோ என அஞ்சி நடந்துவிடவும் இல்லை. நின்றார், அதட்டிய கூட்டத்தையே அவனை அழைத்துவரச் செய்தார். கடவுள் திரளின் நடுவில் இருக்கிறார் என்னும் கூற்றோடு, திரள் அதட்டுகின்றவனின் அருகில் அவர் நிற்கிறார் என்பதையும் சேர்த்தாலொழியத் திரளின் இறையியல் முழுமை பெறாது.

5. எருசலேமின் விடை

பொருளைப் பொதுவில் வைத்த எருசலேம் சபையிலும் பிளவு தோன்றிற்று. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில் விடப்பட்டனர். முறுமுறுப்பு எழுந்தது (அப்போஸ்தலர் 6:1-6). வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்ததை நினைத்து நாம் அச்சொல்லைப் பாவத்தின் பெயராகவே கொள்கிறோம். இங்கோ எவரும் முறுமுறுத்தோரைக் கடிந்துகொள்ளவில்லை. சபை முழுவதும் கூட்டப்பட்டது. குறை இன்னதென்று வெளிப்படையாகக் கூறப்பட்டது. எழுவர் பெயர் சொல்லித் தெரிந்துகொள்ளப்பட்டனர். ஸ்தேவான் முதல் நிக்கொலாவரை அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறைகூறிய தரப்பினரிடமே பந்தியின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என இதனால் பலர் கருதுவர்.

இவ்விடையிலும் குறையுண்டு. முறையிட்டது விதவைகளின் பசி. தெரிந்துகொள்ளப்பட்டோர் எல்லாரும் ஆண்கள். வசனத்தையும் பந்தியையும் பிரித்துவைத்த ஏற்பாடும் நிலைக்கவில்லை. ஸ்தேவானும் பிலிப்பும் விரைவிலேயே பிரசங்கிகளாயினர். ஆயினும் பொறுப்புக்குப் பெயரும் முகமும் கொடுக்கப்பட்டதால், அடுத்த முறையீட்டை எவரிடம் கொண்டுசெல்வது என்பது விதவைகளுக்குத் தெரிந்திருந்தது.

6. திருச்சபையின் நிலை

திருச்சபை இவ்வியக்கத்தைத் தொலைவில் நின்று திறனாய்வு செய்ய உரிமையுடையதன்று. இலண்டனில் தூய பவுல் பேராலய வளாகத்தில் கூடாரங்கள் எழுந்தபோது, வன்முறையால் அவற்றை அகற்றுவதற்கு உடன்பட மறுத்துக் கேனன் ஜைல்ஸ் ஃப்ரேசர் 2011 அக்டோபர் 27ல் பதவி விலகினார்; சில நாட்களில் பேராலயத் தலைமைக் குருவும் விலகினார். நியூயார்க்கில் திரித்துவ ஆலயம் போராட்டத்தினருக்குச் சில உதவிகளைச் செய்தும், தன் காலி நிலத்தைத் தர மறுத்தது. டிசம்பர் 17ல் வேலியேறிய ஓய்வுபெற்ற பேராயர் ஜார்ஜ் பேக்கார்டு கைதானார். ஆலயத்தின் சொத்தை எவர் ஆள்கின்றனர் என்னும் வினாவைக் கூடாரவாசிகள் திருச்சபையின் வாசலிலேயே வைத்தனர்.

மறுபுறம், 2012 அக்டோபரில் சாண்டி புயல் வீசியபோது இதே இயக்கத்தினர் புரூக்ளின் ஆலயங்களைத் தளமாகக்கொண்டு நிவாரணப் பணி செய்தனர். லேவியராகமத்தின் யூபிலியின் பெயரால் தொடங்கிய முயற்சியொன்று, ஏறத்தாழ ஏழு லட்சம் டாலர் திரட்டி, மூன்று கோடி டாலருக்கு மேற்பட்ட தனியார் கடன்களை வாங்கி ரத்துசெய்தது. பூங்காவின் தோல்வியை மட்டும் பேசுவோர் இவற்றையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

கூலிக்காகவோ நிலத்துக்காகவோ போராடும் மக்களோடு நம் போதகர்கள் நிற்கும்போது, பிளவு வெளிப்பட்டால் இரு சோதனைகள் நேரும். ஒற்றுமையின் பெயரால் முறையீட்டை அடக்கிவிடுவது ஒன்று; பிளவைக் காரணங்காட்டிப் போராட்டத்தையே கைவிடுவது மற்றொன்று. ரீகரும் குவொக்கும் இரண்டாம் சோதனையினின்று நம்மைக் காக்கின்றனர். இதற்காக அவர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். முதலாம் சோதனையை வெல்லவோ, பந்தியில் விடப்பட்டவர் யார், அவர் முறையிட வேண்டியவர் யார், பொறுப்பிலுள்ளவரை மாற்ற அவருக்கு வழியுண்டா என்று ஒவ்வொரு இயக்கத்திலும் நாம் கேட்கவேண்டும். இவ்வினாக்களை நம் திருமண்டலக் குழுக்களிலும் சபைச் சங்கங்களிலும் முதலில் கேட்டுப் பழகியவர்களே போராட்டக் களத்தில் அவற்றைத் தகுதியோடு கேட்க முடியும்.