பழைய கண்ணாடியும் யாழ்ப்பாணத்து வெய்யிலும்

யாழ்ப்பாணத்து வெய்யிலைப் படத்தில் பிடிக்க ஆசையுள்ளவர்கள், நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முந்திய லென்ஸ் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். யாரைக் கண்டாலும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மிரர்லெஸ் கமராவோடு வந்த புது லென்ஸில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சித்திரை மாத மத்தியானத்தில் பண்ணைப் பாலத்தில் நின்று எடுத்தால், வானம் வெள்ளை, நிழல் கரி என்று படம் இரண்டாகப் பிளந்துபோகும். அதே இடத்தில் ஒற்றைப் பூச்சுள்ள பழைய லென்ஸை மாட்டிப் பாருங்கள். கண்ணாடிக்குக் கண்ணாடி தெறிக்கிற வெளிச்சம் நிழலுக்குள்ளும் கொஞ்சம் கசியும். கடலுக்குள் நிற்கும் சிறகுவலைத் தடிகளின் இருண்ட பக்கத்தில்கூட மரத்தின் வரி தெரியும். பரிசோதனைக்கூடத்தில் இதற்குக் குறை என்று பெயர். இந்த மண்ணில் இது வரம்.

என் கைக்கு முதலில் வந்தது ஹீலியோஸ் 44-2. வலிகாமத்தில் முந்தி ஸ்ரூடியோ வைத்திருந்த ஐயா ஒருவர் தந்தது. 1995 ஒக்டோபரில் சனம் முழுக்கத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, பழைய சாரத்தில் சுற்றிக் கொண்டுபோய்க் காப்பாற்றிய லென்ஸ் அது. தொண்ணூறுகளில் பற்றறிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த குடாநாட்டில், பற்றறி இல்லாமலே ஷட்டர் அடிக்கிற பழைய இயந்திரக் கமராக்கள்தான் கைகொடுத்தன என்று அவர் சொல்லக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். "பெட்டிக்குள்ளை கிடந்து என்ன செய்யும்? கொண்டு போ தம்பி, வெளிச்சம் பார்க்கட்டும்" என்று தந்துவிட்டார்.

ஹீலியோஸ் சோவியத் நாட்டுச் சரக்கு. ஜேர்மனியின் ஸைஸ் பயோட்டார் வடிவமைப்பைத் தழுவியது, 58 மில்லிமீற்றர், எஃப் 2. துவாரத்தை முழுதாகத் திறந்து, மாமரத்தடியிலோ பனந்தோப்பிலோ ஒருவரை நிறுத்தி எடுங்கள். இலைகளுக்கிடையில் விழும் வெளிச்சப் புள்ளிகள் ஓரத்துக்குப் போகப் போக முட்டை வடிவாக ஒடுங்கி, முகத்தைச் சுற்றிச் சுழலத் தொடங்கும். வெறும் வானம் பின்னால் இருந்தால் இந்தச் சுழற்சி தெரியாது. ஓலையும் ஓட்டையும் நிறைந்த பின்னணி வேண்டும். அதற்கு எங்கள் ஊரை விட்டால் வேறு எங்கே போவது!

இந்தப் பழசு புதுக் கமராவில் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஹீலியோஸ் போன்ற எம்42 திருகு லென்ஸ்கள் சென்சரிலிருந்து 45.46 மில்லிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும். நிக்கோன் டி.எஸ்.எல்.ஆர். கமராக்களில் பிம்பம் காட்டும் கண்ணாடிக்கு இடம்விட்டு அந்தத் தூரமே 46.5. அதனால் தூரக் காட்சி தெளியாது, இடையில் வேறொரு வில்லை வைத்தால்தான் தெளியும். மிரர்லெஸ்ஸில் கண்ணாடியைத் தூக்கிவிட்டார்களே! சொனி ஈ வகையில் 18, நிக்கோன் ஸெட்டில் 16. மிச்சத் தூரத்தை வெறும் உலோகக் குழாய் ஒன்று நிரப்பிவிடும். அந்த அடப்டருக்குள் ஒரு துண்டுக் கண்ணாடியும் இல்லை, லென்ஸின் குணம் அப்படியே சென்சருக்கு வந்து சேர்கிறது. கமராவின் அமைப்புகளில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் அடி’ என்பதைத் திறந்துவிடுங்கள். நடுக்கம் தாங்கும் வசதி இருந்தால் 58 என்று குவியத்தூரத்தைக் கையால் கொடுங்கள். அவ்வளவுதான்.

பிறகு அந்தப் போகஸ் வளையம்! எண்ணெய் பூசிய கனத்தோடு மெல்லத் திரும்பும். திரையைப் பெருப்பித்து இமை முடியில் போகஸ் நிற்கும்வரை திருப்புகையில், எதிரில் இருக்கிறவரை நான் உண்மையிலேயே பார்க்கிறேன். நெடுந்தீவில், பவளக்கல் மதிலோரம் இருந்த ஆச்சியை நிக்கோரின் 105 மில்லிமீற்றர் எஃப் 2.5 ஆல் எடுத்தேன். ஸ்டீவ் மக்கரி 1984 இல் ஆப்கான் சிறுமியை எடுத்ததும் அந்த வகை லென்ஸால்தான். "இன்னும் எடுக்கேல்லையோ மோனை?" என்று கேட்டுக் கேட்டு, காத்திருப்பதையே மறந்து கதைக்கத் தொடங்கிவிட்டா. அந்த முகம்தான் படத்தில் இருக்கிறது. எந்தத் தானியங்கிப் போகஸும் எனக்கு அந்த அவகாசத்தைத் தந்ததில்லை.

வேகம் போதாது என்பவர்கள் நல்லூர் வீதிக்கு வாருங்கள். திருவிழாவின் இருபத்திநாலாம் நாள் தேர், தோளோடு தோள் இடிக்கிற சனம். முழுச்சட்டக் கமராவில் 28 மில்லிமீற்றர் லென்ஸ், துவாரம் எஃப் 8, தூர வளையம் மூன்றேகால் மீற்றர். ஏறக்குறைய 1.6 மீற்றரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லாம் தெளிவு. அதன்பிறகு போகஸைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. கமராவை உயர்த்து, அடி. பழைய லென்ஸின் உடம்பில் தூர அளவு செதுக்கியிருப்பதன் அருமை அன்றைக்குத்தான் விளங்கும்.

பென்டக்ஸின் சூப்பர் டக்குமார் 50 எஃப் 1.4 இன்னொரு ஆனந்தம். அதன் பிந்திய வகையில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது, வருஷக்கணக்கில் மஞ்சளடித்துவிடும். புறஊதாக் கதிர் பட்டால் அந்த மஞ்சள் தெளியும். வெளிநாட்டில் விளக்கு வாங்கி வைத்துத் தெளிய வைக்கிறார்கள். எங்களுக்கு முற்றத்து வெய்யில் போதும். வெய்யிலில் வைக்கும்போது பக்கத்தில் காய்ந்த சருகு இருக்கக் கூடாது, குவிந்த வெளிச்சம் நெருப்பு மூட்டிவிடும். கடற்காற்றுக்குப் பங்கசு பிடிக்காமல், காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். வாங்குமுன் கைபேசி விளக்கை உள்ளே அடித்துப் பாருங்கள்: நூல் நூலாகத் தெரிந்தால் அது பங்கசு, விட்டுவிடுங்கள். நாலைந்து தூசிக்காக நல்ல லென்ஸைக் கைவிட வேண்டாம்.

வருகிற தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுவார்கள். 135 மில்லிமீற்றர் லென்ஸோடு போகிறேன், முடிவிலிக் குறிக்குப் பக்கத்தில் வளையத்தை நிறுத்தினால் வானம் முழுக்க என்னுடையது. எம்42 அடப்டர் வைத்திருப்பவர்கள் கமராவோடு வாருங்கள். ஹீலியோஸை நான் இரவல் தருகிறேன்.