வாய் திறக்காத கூட்டல்

திருவண்ணாமலை மாவட்டம் ஜமுனாமரத்தூரில், மலைக்கிராமத்திலிருந்து விளைச்சலைக் கொண்டுவரும் ஒருவருக்குக் கொள்முதல் சீட்டு போடுவதாக வைத்துக்கொள்வோம். சாமை 42 கிலோ, கொள்ளு 25, புளி 18. கிலோ விலை, ஒரு பேச்சுக்கு, முறையே 40, 60, 100 ரூபாய். அவர் கைக்குப் போகவேண்டியது 4,980 ரூபாய்.

பைத்தான் நிரல்மொழியில் இதற்குப் பலரும் எழுதுவது ஒரே மாதிரிதான். பெயர்கள் ஒரு பட்டியல், எடைகள் இன்னொரு பட்டியல். இரண்டையும் ‘ஜிப்’ என்ற செயற்கூறு வரிசைப்படி கோத்துக் கொடுக்கும். விலையை டிக்ஷனரியில் தேடிப் பெருக்கிக் கூட்டினால் ஆயிற்று. கற்பதற்கு நல்ல பயிற்சி. ஆனால் ஒருவரின் உழைப்புக்குக் கூலி போட இது போதாது.

எடைப் பட்டியலில் 25 விடுபட்டுவிட்டது என்று பாருங்கள். ‘ஜிப்’ குறைந்த நீளத்தோடு நின்றுவிடும். புளியின் 18 கிலோ கொள்ளின் தலையில் ஏறும். புளி சீட்டிலேயே இருக்காது. தொகை 2,760. பிழைச்செய்தி எதுவும் வராது. 2021இல் வந்த பைத்தான் 3.10 பதிப்பு இதற்கு ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற கட்டுப்பாட்டைத் தந்தது. அதைப் போட்டால் நீளம் ஒத்துவராதபோது நிரல் நின்றுவிடும். நல்ல திருத்தம், ஆனால் அரைத் திருத்தம். 25ஐயும் 18ஐயும் இடம் மாற்றி எழுதிவிட்டால் நீளம் சரியாகவே இருக்கும், தொகை 5,260 ஆகும், ‘ஸ்ட்ரிக்ட்’ தடுக்காது. பெயரையும் எடையையும் பிரித்து வைத்ததுதான் கோளாறின் வேர்.

விலை தேடும் இடத்தில் ஆபத்து இன்னும் ஆழம். ‘கொள்ளு’ என்பதன் முதல் எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி முழுவதும் ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைத்தானுக்கு அவை வேறு வேறு சொற்கள். விலைப்பட்டியலில் ஒரு விதமாகவும் சீட்டில் இன்னொரு விதமாகவும் தட்டச்சாகியிருந்தால் தேடல் தோற்கும். சதுர அடைப்புக்குள் தேடியிருந்தால் ‘கீஎரர்’ என்று நிரல் நிற்கும், ஆள் பார்த்துச் சரிசெய்யலாம். டிக்ஷனரியின் ‘கெட்’ வழியாகத் தேடி, விலை இல்லாவிட்டால் சுழியம் என்று எழுதியிருந்தாலோ கொள்ளின் 1,500 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். சீட்டில் 3,480 நிற்கும். தமிழில் பெயர் வைத்து நிரல் எழுதும் எவரும் தேடுவதற்கு முன் இரு பக்கச் சொற்களையும் யூனிகோடின் என்.எஃப்.சி. வடிவத்துக்குக் கொண்டுவரவேண்டும். இதற்கான வசதி பைத்தானோடே வருகிறது.

‘கெட்’டின் சுழியத்துக்கும் இடம் உண்டு. ஒரு சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணும்போது, இதுவரை வராத சொல்லின் எண்ணிக்கை சுழியம்தான். விலை அப்படியல்ல. பட்டியலில் விலை இல்லை என்றால் அது தெரியவில்லை என்றுதான் பொருள், இலவசம் என்றல்ல.

கணினியில் தசமப் பின்னங்களின் துல்லியக் குறை பற்றி நிறையப் பேசுகிறார்கள். இந்த அளவுக் கணக்கில் அது சில்லறை விஷயம். விலையைப் பைசாவிலும் எடையைக் கிராமிலும் முழு எண்ணாக வைத்தால் முடிந்தது.

என் தீர்ப்பு இது: பணம் கைமாறும் கணக்கில் இணைப்பட்டியல்களைத் தள்ளிவிடலாம். ஒவ்வொரு சரக்கும் தன் பெயரையும் எடையையும் சேர்த்தே சுமக்கும் பதிவாக இருக்கட்டும். எடைகள் தனி நெடுவரிசையாகத்தான் வந்து சேர்கின்றன என்றால் மட்டும் ‘ஸ்ட்ரிக்ட்’டோடு ‘ஜிப்’பை ஏற்கலாம், அப்போதும் சரக்குவாரியாக அச்சிட்ட சீட்டை, கொண்டுவந்தவர் கண்முன் வாசித்த பிறகே தொகையை எண்ணித் தரவேண்டும். விலைத் தேடலில் சுழியத்தை இயல்பு மதிப்பாக வைப்பதை எந்தச் சூழலிலும் ஏற்க முடியாது.