தன்மைக் கூற்றும் நடுநிலை விதியும்: குடிமக்கள் இதழியலின் மொழி குறித்து

செய்தியாளர் தம்மைச் செய்திக்குள் முன்னிறுத்தலாகாது என்பது அச்சிதழ்களின் நெடுநாள் மரபு. செய்தியின் மொழி படர்க்கை மொழி என்றே இதழியல் பாடநூல்களும் கற்பித்து வந்துள்ளன. ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் செய்தி எழுத முன்வந்தபோது இம்மரபு நெருக்கடிக்கு உள்ளானது. அவர் எழுத வருவதற்குக் காரணமே, நிகழ்வு நடந்த இடத்தில் அவர் இருந்தார் என்பதுதான். அத்தகையவரிடம் 'நான்' என்பதை நீக்குமாறு கூறும் விதி எதைக் காக்கிறது, எதை இழக்கச் செய்கிறது என்பது ஆராயத்தக்கது.

2004ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் தொடங்கப்பெற்ற விக்கிசெய்தி இதற்குத் தக்க சான்று. விக்கிப்பீடியாவில் சொந்த ஆய்வுக்கு இடமில்லை. விக்கிசெய்தியோ தன்னார்வலர் நேரில் திரட்டிய செய்திக்கு இடமளித்தது. எனினும் கலைக்களஞ்சியத்திற்கு வகுக்கப்பட்ட நடுநிலை நோக்கு விதியைத் தானும் ஏற்றுக்கொண்டது. இவ்விரண்டையும் இணைக்க அது கண்ட வழி நுட்பமானது. செய்தியாளர் தம் களக்குறிப்புகளைக் கட்டுரையுடன் இணைந்த உரையாடல் பக்கத்தில் இடவேண்டியிருந்தது. கட்டுரையோ படர்க்கையில் அமைந்தது. சாட்சி நீக்கப்படவில்லை, பின்கட்டுக்கு அனுப்பப்பட்டார் எனலாம். சரிபார்ப்பவருக்கு இது போதுமானது. கட்டுரையை மட்டும் படித்துச் செல்லும் வாசகருக்கு அப்பின்கட்டு இருப்பதே தெரியாது.

இங்கு இரு கருத்துகள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுகின்றன. நடுநிலை என்பது தீர்ப்பைப் பற்றியது. தன்மை, படர்க்கை என்பன கூறுவோர் நிற்கும் இடத்தைப் பற்றியவை. 'காவலர்கள் கூட்டத்தினர்மீது தடியடி நடத்தினர்' என்னும் தொடரையும், 'நான் நின்ற தெருமுனையில் மூவர் அடிபட்டதைக் கண்டேன்' என்னும் தொடரையும் ஒப்பிடலாம். முன்னது நடுநிலையானது போலத் தோன்றும். உண்மையில் அதுவே மிகுதியாக உரிமை கொண்டாடுகிறது. நிகழ்வு முழுவதையும் கண்டவரின் குரலில் அது பேசுகிறது. பின்னதோ தன் எல்லையைத் தானே வரைந்துகொள்கிறது. மறு தெருமுனையில் நடந்தது தமக்குத் தெரியாது என்பதை அவர் சொல்லாமலே உணர்த்திவிடுகிறார்.

தமிழில் இச்சிக்கல் மேலும் கூர்மை பெறுகிறது. நம் வினைமுற்று இடத்தை விகுதியிலேயே கொண்டிருப்பதால், 'நான்' என்னும் சொல்லை அகற்றினாலும் 'கண்டேன்' என்பதில் கண்டவர் எஞ்சியிருக்கிறார். அவரை முற்றிலும் மறைக்கவேண்டுமெனில் வினையையே மாற்றவேண்டும். 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'நம்பப்படுகிறது' என நம் நாளிதழ்களில் மலிந்துள்ள முடிபுகள் இவ்வாறு வந்தவையே. யார் கூறினார், யாருக்குத் தெரிந்தது என்னும் வினாக்களுக்கு அவை விடையளிப்பதில்லை. இதனை நடுநிலை என்பதைவிடப் பொறுப்புத் துறப்பு என்பதே பொருந்தும். மறுபுறம், நடுநிலை விதியை நுட்பமாக வகுக்கவும் தமிழ் இடந்தருகிறது. 'நாங்கள் தடுக்கப்பட்டோம்' என்பது பேசுவோர் தரப்பை மட்டும் சுட்டும். 'நாம் தடுக்கப்பட்டோம்' என்பதோ முன்னிலையாரையும் உட்படுத்தும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. படிப்பவரைக் கேளாமலே ஒரு தரப்பில் சேர்த்துவிடும். தடை செய்யவேண்டியது தன்மையை அன்று, இவ்வுளப்பாட்டையே என்பது என் கருத்து.

தென்கொரியாவில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று ஓ யோன்-ஹோ தொடங்கிய ஓமைநியூஸ் வேறு வழியில் சென்றது. குடிமகன் ஒவ்வொருவரும் செய்தியாளரே என்பதை முழக்கமாகக் கொண்ட அவ்விதழ் தன்மைக் கூற்றை வரவேற்றது. சரிபார்க்கும் பணியை ஊதியம் பெறும் ஆசிரியர் குழுவிடம் விட்டது. சாய்வை மறைக்காத இதழ் என்பதால் அங்கு இச்சிக்கல் அத்துணைக் கடுமையாக எழவில்லை.

இந்தியச் சூழலில் கருதத்தக்கது, சுப்ரான்ஷு சௌத்ரி 2010இல் சத்தீஸ்கரை மையமாகக் கொண்டு தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா. கோண்டி முதலிய மொழிகளைப் பேசுவோர் கைப்பேசியில் அழைத்துத் தம் செய்தியைத் தாமே பதிவு செய்தனர். நெறியாளர்கள் அதனைச் சரிபார்த்த பின்னரே பிறர் கேட்க முடிந்தது. கைப்பம்பு பழுது, நிலுவைக் கூலி, வாராத ஆசிரியர் எனப் பெரும்பாலும் பேசுவோரின் சொந்தக் குறைகளே செய்திகளாயின. குரலிலிருந்து 'நான்' என்பதைப் பிரிக்க இயலாது. பாதிக்கப்பட்டவரே செய்தியாளராக இருக்கையில் நடுநிலைக்கு இடமேது என்று வினவலாம். வினா நியாயமானதே, தன்மைக் கூற்று ஒருவரது சாய்வைக் காட்டுமேயன்றிப் போக்காது. ஆயினும் அழைத்தவர்கள் பொறுப்பிலுள்ள அலுவலரின் தொலைபேசி எண்ணையும் கூறி, அவரிடம் பேசுமாறு கேட்போரை வேண்டினர். இதன் நோக்கம் குறை தீர்த்தலே எனினும், மறுதரப்பை வினவும் வழியும் கேட்போருக்குத் திறந்தது. பதிவுகளுக்கு எழுதப்பட்ட சுருக்கங்கள், இன்ன ஊரிலிருந்து இன்னார் தெரிவிக்கிறார் என்னும் வாய்பாட்டில் அமைந்தன. தன்மை அங்கும் படர்க்கையாகத்தான் மாறியது. பெயரும் ஊரும் உடன் நின்றன.